லஸாரின் சீட்டு

மோர்வான் மலை, 13 மார்ச் 1850

பிரியமுள்ள ரேன் அக்காவுக்கு,

தம்பி பிலிபேர் எழுதுவது. பாரீஸில் பணக்காரர் பிள்ளைக்குப் பால் கொடுக்கும் உனக்கு எங்கள் ஞாபகம் இருக்கிறதா? சிறைக்குப் போன நம் சட்டசபை உறுப்பினரின் இடத்துக்கு ஞாயிறன்று இடைத்தேர்தல் நடந்தது; ஏழைகளின் ஆள் ரூவேயும் கோட்டைவீட்டுப் பிரபுவும் நின்றார்கள். வேட்பாளர் பெயரை முன்பே சீட்டில் எழுதிக் கொண்டுபோய்ப் பெட்டியில் போடுவதுதானே வழக்கம்; எழுதத் தெரியாத பன்னிரண்டு பேருக்குப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து நானே சீட்டு எழுதிக் கொடுத்தேன். லஸார் அத்தான்தான் முதல் ஆள். "மச்சான், ரூவேன்னு நல்லா பெருசா எழுது. கோட்டைவீட்டுப் பிரபு கண்ணுல குத்தணும்!" என்றார். பனியில் மூன்று மணி நேரம் நடந்துபோய்ப் போட்டுவிட்டு வந்தார். கொஞ்சம் இருமல், அவ்வளவுதான்.

உன் தம்பி,
பிலிபேர்

பாரீஸ், 30 மார்ச்

அன்புத் தம்பிக்கு,

அவருடைய சாவுச் செய்தி வந்தது. ஒப்பந்தம் முடியாமல் எசமானி அனுப்பமாட்டாள். பால் வற்றிவிடும் என்று அழவும் விடவில்லை. ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். புருஷன் தானே பிழைப்பாரா? கடைசியில் என்ன சொன்னார்? அவருடைய மேலங்கியையாவது, ஊருக்கும் பாரீஸுக்கும் போய்வரும் க்லோடினிடம் கொடுத்தனுப்பு.

ரேன்

மோர்வான், 14 ஏப்ரல்

அக்கா,

மேலங்கியை அப்படியே அனுப்பினேன். தொடவே பயமாக இருந்தது. "என் சீட்டு பெட்டிக்குள்ள போயிடுச்சு மச்சான், அது போதும்" என்று சிரித்தார். அதுதான் கடைசி.

மறைத்தால் பைத்தியம் பிடித்துவிடும். ரூவேக்கு ஓட்டு விழுந்தால் என் வேலை போகும் என்று மேலிடத்து ஆள் மிரட்டினான். பன்னிரண்டு சீட்டிலும் பிரபுவின் பெயரைத்தான் எழுதினேன்.

இப்போது தினமும் பாட நேரத்தில் அத்தான் ஜன்னலுக்கு வெளியே நிற்கிறார். மடித்த தாளை நீட்டுகிறார். வாசித்துக் காட்டச் சொல்கிறார் போலிருக்கிறது. பிள்ளைகள் கண்ணுக்கு அவர் தெரியவில்லை. நான் என்ன செய்வேன் அக்கா?

பிலிபேர்

பாரீஸ், 2 மே

பிலிபேர்,

மேலங்கி வந்தது. உள்பையில் உன் கையெழுத்தில் ஒரு சீட்டு இருந்தது. பிரபுவின் பெயர்.

தேர்தலுக்கு முன்பே க்லோடினிடம், ரூவே என்று நான் எழுதிய சீட்டை அவருக்குக் கொடுத்தனுப்பியிருந்தேன். வாத்தியார் மச்சானைக் கேட்காமல் போட்டால் நீ வருத்தப்படுவாய் என்று உன்னிடமும் வந்திருப்பார். படிக்கத் தெரியாதவர்தான். ஆனால் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கண் போதுமே. என்னுடையதைப் போட்டார். உன்னைக் காட்டிக்கொடுக்காமலே செத்தார்.

அவர் வாசிக்கச் சொல்லி வரவில்லை. உன் தாளை உன்னிடம் திருப்பித் தர வருகிறார். இத்துடன் வைத்திருக்கிறேன், வாங்கிக்கொள். இனி வரமாட்டார்.

மற்றப் பதினோரு பேரும் உயிரோடு இருக்கிறார்கள். தெருவில் பார்க்கும்போதெல்லாம் தொப்பியைக் கழற்றி உனக்கு வணக்கம் சொல்வார்கள்.

எனக்கு இனி எழுதாதே. உன் எழுத்தை நான் எதை நம்பி வாசிப்பேன்?

ரேன்