நாலரை அங்குலம் உயர்ந்த தரை

பாவா,

இன்று காலை பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கால்வாய்க்கு மேல் சிமெண்ட் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த ஈர வாசனை மூக்கில் ஏறியதும் நடுச்சாலையில் நின்றுவிட்டேன். திருத்தணி மலையிலிருந்து முருகனே இறங்கிவந்து வேலைக் குறுக்கே நீட்டியிருந்தால்கூட அப்படி நின்றிருக்க மாட்டேன். திருப்பதி பேருந்துக்காரர் அடித்த ஆரனில் ஆந்திராவுக்கே காது அடைத்திருக்கும். முப்பத்தைந்து வருடம் மேஸ்திரி வேலை பார்த்தவனுக்குச் சிமெண்ட் வாசனை என்ன புதிது என்று நீங்கள் கேட்பீர்கள். அந்த வாசனையோடு பந்து தரையில் மோதி எழும் சத்தமும் சேர்ந்து வந்தது, அதுதான். வாசனைக்குள் சத்தம் எப்படி வரும் என்று கேட்காதீர்கள். நீங்கள் போன இந்த ஒன்றரை வருடத்தில் என்னென்னவோ வருகிறது.

கூடவே ஒரு கேள்வியும் வந்தது. பதினோரு வருடம் தற்காலிகப் பயிற்சியாளராக இருந்த மனிதர், சென்னையில் நிரந்தர வேலை கதவைத் தட்டியபோது ஏன் போகவில்லை? உயிரோடு இருந்தபோது உங்களிடமே இதை நூறு முறை கேட்டிருக்கிறேன். சரி, ஆறு முறை.

உங்கள் உத்தியோக வரலாறு எங்கள் வீட்டு வாசல் நிலையில் நெற்றி இடித்த சத்தத்தோடு தொடங்குகிறது. அக்காவைப் பெண் பார்க்க வந்தீர்கள். அரக்கோணம் சிக்னல் கம்பம் ஒன்று வேட்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டதென்றுதான் தெருவே நினைத்தது. எங்கள் நைனா உங்களை உட்காரவைத்து விசாரித்தார்.

"மாப்ள இன்னா வேல செய்றீங்க?"

"பந்து ஆடறேங்க."

"அது சாயங்காலம். பகல்ல?"

"பகல்லயும் அதாங்க."

நைனா உள்ளே வந்து தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி வெளியே போனார். அப்போது நீங்கள் அரக்கோணத்தில் ரயில்வே ஆட்களோடு விளையாடிக்கொண்டு, விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை வரும் என்று காத்திருந்தீர்கள். வேலை வருவதற்கு முன்னால் முழங்கால் போனது. வேறு யாராக இருந்தாலும் ஆர்.கே.பேட்டைக்குத் திரும்பி அப்பாவின் விசைத்தறியில் உட்கார்ந்திருப்பார்கள். நீங்கள் நொண்டிக்கொண்டே உடற்கல்விப் படிப்பில் சேர்ந்தீர்கள். பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். அதன் பிறகு நம் ஊர்ப் பெண்கள் கல்லூரியில் கூடைப்பந்துப் பயிற்சியாளர். நியமன உத்தரவில் 'தற்காலிகம்' என்று இருந்தது. அந்த ஒரு சொல் உங்களைவிட நீண்ட ஆயுளோடு இருக்கும் என்று யார் கண்டது.

கல்லூரியில் ஆடுகளம் இல்லை, வெறும் செம்மண் தரைதான் இருந்தது. தாளாளரிடம் என்னைக் கூட்டிப்போனதே நீங்கள்தான். நானும் போனேன், கம்பீரமாக, தாஜ்மகாலுக்கு விலை சொல்லப் போகிறவன் மாதிரி. தரைக்குப் பணம் அடுத்த வருடம்தான் வரும், இப்போதைக்குக் கம்பம் மட்டும் நடலாம் என்றார் அவர். நான் அங்கேயே வாக்குக் கொடுத்தேன். "கல்யாண ஊட்லயே பந்தக்கால் நட்டுட்டுதாங்க மத்த வேல. கம்பத்த நல்ல நேரத்துல நட்டுடுவோம். தரை தானா வந்து சேரும்."

உலகத்தில் எந்த தேசத்திலாவது கூடைப்பந்துக் கம்பத்துக்கு மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, குழியில் நவதானியம் போட்டுப் பால் ஊற்றியிருக்கிறார்களா? நாம் ஊற்றினோம். வளையம் மண்ணிலிருந்து சரியாகப் பத்தடி. நான் ஏணி மேல் நின்று டேப்பைப் பிடித்தேன், நீங்கள் கீழே நின்று படித்தீர்கள். அடுத்த வருடம் பணம் வந்தது. ஜல்லி பரப்பிச் சிமெண்ட் போட்டேன். அப்படி ஒரு தரை, அதில் முகம் பார்த்துச் சவரம் செய்யலாம். மறுபடி யாரும் டேப்பை எடுக்கவில்லை. பந்தக்கால் நட்ட பிறகு அதைத் தொடுவார்களா என்ன? அசைத்துப் பார்ப்பதே ஆகாது என்று வளர்ந்தவர்கள் நாம். கம்பம் கம்பமாகவே நின்றது, தரை மட்டும் மேலே வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சரித்திரம் பொன்னெழுத்தில் எழுதியிருக்க வேண்டும். ஏழு வருடம் நம் பெண்களைச் சொந்தக் களத்தில் ஒருவராலும் ஜெயிக்க முடியவில்லை. வேலூரிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்தார்கள், காஞ்சிபுரத்திலிருந்து பட்டுப் புடவை மாதிரி மினுங்கும் சீருடையில் வந்தார்கள். அவர்கள் எறிந்த பந்தெல்லாம் வளையத்தைத் தாண்டிப் பலகையில் மோதிக்கொண்டு திரும்பியது. நம் பெண்கள் எறிந்தது வலைக்குள் சர்ரென்று இறங்கியது. நான் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்துகொண்டு, "எல்லாம் நான் போட்ட தரை" என்று பக்கத்திலிருப்பவர்களிடம் சொல்வேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். சொன்னது அத்தனையும் உண்மை என்று எனக்கு அப்போது தெரியாது.

வெளியூர் போனால் தோற்றுவிட்டு வருவார்கள். பந்து வளையத்தின் முன் விளிம்பில் இடித்துக் கீழே விழும். ஒரு தடவை தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றோம். ஒரு தடவை பேருந்தில் தூக்கம் கெட்டது. சித்தூரில் தோற்றதற்குக் காரத்தைக் காரணம் காட்டினேன் நான். நீங்கள் மட்டும் நோட்டில் எதையோ குறித்துக்கொண்டிருப்பீர்கள்.

உங்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. பயிற்சி முடிந்து பெண்கள் கிளம்பியதும், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு நின்ற இடத்திலிருந்து ஒரு குதி குதித்து வலையின் நுனியை விரலால் தொடுவீர்கள். ஐம்பதை நெருங்கும் வயதில், போன முழங்காலோடு. "இன்னும் எட்டுது மச்சான்" என்று என்னிடம் பெருமையடித்தபோது, மலைப்படி முன்னூற்று அறுபத்தைந்தையும் ஒரே தாவில் தாண்டுவீர்கள் என்று நான் ஊரெல்லாம் பரப்பினேன்.

சென்னையிலிருந்து ஒரு பெரிய கல்லூரிக் குழு நம் களத்துக்கு வந்து தோற்றுப் போனது. அடுத்த மாதமே அவர்களிடமிருந்து கடிதம் வந்தது. நிரந்தர வேலை, குடியிருக்க வீடு, ஓய்வூதியம். நேரில் வந்து களத்தைப் பார்த்துவிட்டுச் சம்மதம் சொன்னால் போதும் என்று எழுதியிருந்தார்கள். நீங்கள் பதில் போடுவதற்கு முன்பே அக்கா பித்தளைப் பாத்திரங்களைப் பரணிலிருந்து இறக்கிவிட்டாள். தெருவில் விடைபெறும் வேலையையும் தொடங்கிவிட்டாள்.

காலை ரயிலில் போன நீங்கள் சாயங்காலம் திரும்பி வந்தீர்கள். வீட்டுக்குப் போகவில்லை, நேராக என் வாசலில் வந்து நின்றீர்கள்.

"மச்சான், டேப்பு கீதா?"

"இன்னா பாவா, மெட்ராஸ அளக்கப் போறீங்களா?"

"எத்துகினு வா."

கல்லூரிக்கு நடந்தோம். என்னை ஏணியில் ஏற்றினீர்கள். நான் வளையத்தில் டேப்பைப் பிடிக்க, நீங்கள் தரையில் முட்டிபோட்டு உட்கார்ந்து படித்தீர்கள். டேப்பை இன்னொரு முறை இழுத்துப் பிடித்துப் படித்தீர்கள்.

"எவ்ளோ பாவா?"

"ஒம்போது அடி ஏழரை."

"டேப்பு பழசு."

"சிமெண்ட்டு எவ்ளோ போட்ட?"

"நாலு... நாலரை."

அப்போதுதான் சென்னையில் நடந்ததைச் சொன்னீர்கள். அவர்கள் களத்தைச் சுற்றிக் காட்டிவிட்டுத் தேநீர் எடுத்துவரப் போயிருக்கிறார்கள். பழக்கதோஷத்தில் நீங்கள் ஒரு குதி குதித்திருக்கிறீர்கள். விரல் காற்றைத்தான் தொட்டது. மறுபடி குதித்தீர்கள். மூன்றாவது தடவையில் புரிந்துவிட்டது. சென்னையிலிருந்து திருத்தணி வரும்வரை அந்த ரயிலில் உங்கள் தலைக்குள் என்ன ஓடியிருக்கும்? ஏழு வருட வெற்றிகள் ஒவ்வொரு ஸ்டேஷனாக இறங்கிப் போயிருக்குமா? இந்த ஓர் இடத்தில் மட்டும் என்னால் எதையும் கூட்டிச் சொல்ல முடியவில்லை.

என் வீரம் உடனே விழித்துக்கொண்டது. ஏணியில் இருந்தபடியே யோசனை சொன்னேன். "உடுங்க பாவா. நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும். நீங்க மெட்ராஸ் போங்க. நான் கம்பத்த ஏத்தி வெச்சிடறேன். அப்புறம் இங்க தோத்தா, சார் போனதால தோத்தாங்கன்னு உங்களுக்குத்தான் பேரு."

நீங்கள் சிரித்தீர்கள். சிரித்துவிட்டுச் சொன்னது இது: "இந்தப் பொண்ணுங்க நெஜமாவே ஆடறாங்களா, இல்ல உன் சிமெண்ட்டு ஆடுதான்னு எனக்குத் தெரிலயே மச்சான். அது தெரியாம நான் எங்க போறது?"

அக்காவுக்கு இது எந்த விதத்திலும் விளங்கவில்லை. விரலைப் பிரித்து அளந்து காட்டிக் கேட்டாள். "இத்தினியூண்டு. இதுக்கா மெட்ராஸ உடறீங்க? பென்சன உடறீங்க?"

"ஆங், இத்தினியூண்டுதான்" என்றீர்கள். "அதுல நான் எத்தினியூண்டுன்னு பாக்கணும்."

மூன்று நாள் அவள் உங்களோடு பேசவில்லை. பாத்திரங்களை அவளே பரணில் ஏற்றினாள். ஒவ்வொன்றும் ஏறிய சத்தம் அரக்கோணம் விமானதளம் வரைக்கும் கேட்டது. அவள் கோபத்தில் நியாயம் இருந்தது பாவா, அதை இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.

சென்னைக்கு உண்மையை எழுதிப் போட்டீர்கள். பதில் வரவில்லை, வேறொருவரை எடுத்துக்கொண்டார்கள். தாளாளரிடம் போனபோது நானும் கூட வந்தேன். கம்பத்துக்கு மாவிலை கட்டியவன் நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். நீங்கள் முந்திக்கொண்டீர்கள். "தரை போட்டப்புறம் அளந்திருக்க வேண்டியவன் நான். அளக்கல." அவர் உங்களை ஒரு பார்வை பார்த்தார். உங்கள் தற்காலிகத்துக்கு இன்னும் பத்து வயது கூடியது அந்தப் பார்வையில்தான். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னீர்களா, அல்லது அதுதான் உண்மை என்று நினைத்தீர்களா? இதையும் கேட்டிருக்கிறேன். "ரெண்டுக்கும் இன்னா வித்தியாசம்?" என்றீர்கள்.

கம்பத்தை உயர்த்த நான் நல்ல நேரம் பார்க்கவில்லை. பட்டப்பகலில், ராகுகாலத்தில், அறுத்து நாலரை அங்குலத் துண்டு சேர்த்துப் பற்றவைத்தேன். மறுநாள் பயிற்சிக்கு வந்த குழுத் தலைவி ரோஸ்லின், அரக்கோணத்துப் பெண், மூன்று பந்து எறிந்து மூன்றும் விளிம்பில் இடித்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். "சார், வளையம் வளந்துடுச்சா, இல்ல நாங்க குள்ளமாயிட்டமா?"

நீங்கள் எல்லோரையும் தரையில் உட்காரவைத்து நடந்ததைச் சொன்னீர்கள். ஒருத்தி அழுதாள். ரோஸ்லின் அழவில்லை. "அப்ப காஞ்சிபுரத்துப் பொண்ணுங்க கிட்ட நாம ஸாரி சொல்லணுமே சார்" என்றாள். நீங்கள் உண்மையிலேயே எழுதிப் போட்டீர்கள், வந்து தோற்ற ஒவ்வொரு கல்லூரிக்கும். கடிதக் கட்டோடு போன என்னை அஞ்சல் நிலையத்தில் ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

அந்த வருடம் சொந்தக் களத்தில் அத்தனை ஆட்டமும் தோல்வி. காஞ்சிபுரம் வந்து நம்மைத் துவைத்துக் காயப்போட்டது. பார்வையாளர் வரிசையில் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன், தரையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல். நீங்கள் நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தீர்கள். எட்டிப் பார்த்தேன். யார் எங்கிருந்து எறிந்தார்கள், பந்து எங்கே இடித்தது, அவ்வளவுதான். தோற்ற கணக்கு அதில் எங்கும் இல்லை.

இரண்டு வருடம் கழித்து அதே சென்னைக் கல்லூரியோடு, அவர்களுடைய களத்தில் ஆட்டம். நானும் வந்தேன். கடைசி நிமிடம் வரை சமமாக இருந்தது. அவர்கள் இரண்டு புள்ளி கூடுதலாக எடுத்து ஜெயித்தார்கள். நம் பெண்கள் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்கள். உங்களுக்கு எப்படி ஆறுதல் சொல்வதென்று நான் வாக்கியங்களை ஜோடித்துக்கொண்டிருந்தேன். அதில் நடுவரின் பரம்பரையே நாசமாகும்படி ஒரு வாக்கியம் இருந்தது.

திரும்பும் ரயிலில் நீங்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து, ரோஸ்லின் வீட்டிலிருந்து கட்டிக் கொடுத்த புளிசாதத்தில் மூன்று பேருக்குண்டானதைத் தின்றீர்கள். திருவள்ளூர் தாண்டியதும் என் முழங்காலைத் தட்டினீர்கள்.

"ரெண்டு பாயிண்டு மச்சான்."

"ஆங் பாவா. கொஞ்சத்துல போச்சு."

"போவல. நெஜமான ரெண்டு பாயிண்டு. அந்தப் பொண்ணுங்க நெஜமாவே ஆடறாங்க."

அந்த முகத்தை ஏழு வருட வெற்றியில் ஒருநாளும் நான் பார்த்ததில்லை. நீங்கள் சென்னைக்குப் போகாததற்கான பதில் அந்த முகத்திலேயே இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அன்று எனக்கு அது போதவில்லை. நாலரை அங்குலத்துக்குப் பின்னால் ஏதோ பெரிய தத்துவம் ஒளிந்திருக்கும் என்று தேடிக்கொண்டே இருந்தேன். உங்களுக்கு வெறுமனே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. தற்காலிகமாகவே ஓய்வு பெற்றீர்கள், ஓய்வூதியம் இல்லாமல். அக்கா கடைசிவரை அதைச் சொல்லிக்காட்டினாள். ஒவ்வொரு தடவையும் உங்களுக்கு ஒரு தோசை கூடுதலாகச் சுட்டுப் போட்டபடிதான் சொன்னாள்.

உங்கள் அந்தக் கேள்வி எப்படியோ என்னிடம் வந்து தங்கிவிட்டது பாவா. நான் ஏதாவது பெருமை பேச வாயெடுத்தால், இதில் சிமெண்ட் எத்தனை அங்குலம் என்று உள்ளே ஒரு குரல் கேட்கிறது. பெரும்பாலும் அதை அதட்டி உட்காரவைத்துவிட்டுப் பேசிவிடுகிறேன், குணம் போகுமா. ஆனால் போன வாரம் தேநீர்க் கடையில் ஒருவர், "மேஸ்திரி கட்டின ஊடு, முப்பது வருசமா ஒரு விரிசல் உடல" என்று நாலு பேர் முன்னால் என்னைத் தூக்கி வைத்தார். வழக்கமாக நான் அந்த வீட்டைச் சோழர் காலத்துக்குக் கொண்டுபோயிருப்பேன். அன்று என்னவோ, "வடக்குச் செவத்துல ரெண்டு விரிசல் கீது, வந்து பாருங்க" என்று சொல்லிவிட்டேன்.

எனக்கு உடம்புக்கு ஏதோ வந்துவிட்டதென்று கடைக்காரர் கேட்காமலே ஒரு சுக்கு காபி போட்டுக் கொடுத்தார். நானும் மறுக்காமல் குடித்துவிட்டு வந்தேன்.