கானுக்குக் கட்டிய தோரணம்

கொட்டாஞ்சேனை
14-6-1937

அன்புள்ள மகள் சிவமணிக்கு அம்மா எழுதிக்கொள்வது. முருகன் புண்ணியத்தில் நானும் உன் ஐயாவும் சுகம், சுகம் என்பதை இந்த ஒழுங்கையில் எவ்வளவுக்குச் சொல்லலாமோ அவ்வளவுக்கு. நீயும் மருமகனும் ஈப்போவில் சுகமாயிருக்க வேண்டும், வயிற்றுப் பிள்ளையும் சுகமாயிருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்கிறேன். ஏழாம் மாதம் பிறந்ததும் கப்பலேறி வருகிறேன், தலைப்பிள்ளையை அம்மா வீட்டில்தான் பெறுவேன் என்று எழுதியிருந்தாய். பதில் எழுத இத்தனை நாள் சென்றதற்குக் காரணம் நம்முடைய வாசலில் ஓடும் அழுக்குத் தண்ணீர்க் கான். சிரிக்காதே, முழுவதையும் வாசி.

ஒரு நகரத்துக்கு நிலத்தடிக் கான் போடுவது எப்படி என்று எனக்கு இந்த வருடம்தான் தெரியவந்தது. முதலில் சீமையிலிருந்து ஒரு இன்ஜினியர் துரை வருவார். அவர் இருக்க ஒரு பங்களா, படம் கீற ஒரு ஆபீசுக் கந்தோர், கந்தோருக்கு ஆட்கள், இவ்வளவும் ஆனபிறகு படம் வரும். படத்தில் கொழும்பு முழுவதும் நீலக் கோடு ஓடும், பார்க்க வலு வடிவு. பிறகு சீமையிலே கடன் எடுப்பார்கள். அந்தக் கடனில் குழாயையும் சீமையிலேயே வாங்குவார்கள், சல்லிக்காசுக்குக் கடல் தாண்டும் சிரமம்கூட இல்லை. கடனைக் கட்டுவது மட்டும் நாங்கள், வீட்டுக்குச் சோலைவரியாக, உன் பிள்ளைக்குப் பிள்ளை பிறக்கும் வரைக்கும். எல்லாம் முடிந்த பிறகு குழாய் எல்லா ஒழுங்கைக்கும் காணாது, போதாது என்று கண்டுபிடிப்பார்கள். எந்த இடத்துக்கு முதல், எந்த இடத்துக்குப் பிறகு என்று பார்த்துவர வடிகால் கமிட்டி என்று ஒன்றை அனுப்புவார்கள்.

அந்தக் கமிட்டி மாசியில் எங்கள் ஒழுங்கைக்கு வரும் என்று அறிவித்தல் வந்தது. வேறு ஆட்கள் என்றால் கானைக் கிடக்கிறபடி விட்டிருப்பார்கள். உன் ஐயாவுக்குப் புத்தி அப்படிப் போகவில்லை. பெரிய மனிசர் வருகினம், நாத்தத்துக்கையே அவையை நிப்பாட்டுறது என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னார். பக்கத்து வீட்டு ராசிக் முதலாளி தன் கடையிலிருந்து சுண்ணாம்பு கொடுத்தார். கறுப்புத் தண்ணீரை வாளி வாளியாக அள்ளி அப்புறப்படுத்தி, கானுக்கு வெள்ளையடித்து, மேலே பலகை பரப்பி, பலகைக்கு மேல் கடல் மணல் கொட்டினார்கள். ஒழுங்கை முகப்பில் வாழையும் தோரணமும். முன்வீட்டு றோஸி நோனா கேக் அடித்தாள். கமிட்டி வந்து இறங்கியபோது ஐயா கோட்டுப் போட்டுக்கொண்டு நின்று பன்னீர் தெளித்தார். மூக்கைப் பொத்த லேஞ்சி கொண்டுவந்த கமிட்டித் துரை அதில் கையைத் துடைத்துக்கொண்டு கேக் தின்றார். எனக்குப் பொறுக்கவில்லை. முன்னுக்கு வந்து, இந்தக் கோலம் இண்டைக்கு மட்டுந்தான், மழைக்கு வந்து பாருங்கோ என்று சொன்னேன். கூட வந்த கிளாக்கர் அதை இங்கிலீசில் என்னவென்று சொன்னானோ, துரை தொப்பியைக் கழற்றி எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

சித்திரையில் முடிவு வந்தது. குடியிருப்பவர்களே துப்புரவாக வைத்திருக்கும் ஒழுங்கையாம், அவசரமில்லையாம், இரண்டாம் கட்டத்தில் பார்க்கலாமாம். இரண்டாம் கட்டத்துக்குக் கடன் இன்னும் கேட்கவே இல்லை. குழாய் இப்போது வெள்ளவத்தைப் பக்கம் இறங்குகிறது, ஒரு வீடும் எழும்பாத வெறும் வளவுகளில். தென்னைகளுக்குக் கக்கூசு கட்டுகிறார்கள். அந்த வளவுகள் யாருடையவை என்று விசாரித்தால் எங்கள் கேக்கைத் தின்றவர்களின் பெயர்தான் வருகிறது. ஒழுங்கை இவ்வளவு நன்றாக இருக்கிறதே என்று எங்கள் வரியையும் கூட்டிவிட்டார்கள்.

வைகாசி மழைக்குப் பலகையும் மணலும் கானுக்குள் விழுந்து அடைத்துக்கொண்டன. மற்ற வருடங்களில் வாசற்படியோடு நிற்கும் தண்ணீர் இந்த முறை வீட்டுக்குள் வந்தது. உனக்கென்று ஒதுக்கிவைத்த அறையில் உன் கட்டில் காலில் அதன் அடையாளம் இன்னும் இருக்கிறது, தேய்த்து உரஞ்சியும் போகவில்லை. பின்னாலேயே காய்ச்சலும் வயிற்றோட்டமும் வந்தன. ராசிக் முதலாளியின் மருமகள் ஹப்ஸா, உன் கலியாணத்துக்கு மருதோன்றி அரைத்துத் தந்தவள், அவளுடைய பெண் குழந்தை போய்விட்டது, மகள். தவழத் தொடங்கிய பிள்ளை. முதலாளி இப்போது எங்கள் வீட்டுப் பக்கம் பார்ப்பதில்லை. சுண்ணாம்பு கொடுத்தது அவர், கேட்டது உன் ஐயா. ஐயா சாப்பாட்டுக்கு முன்னால் இருந்துவிட்டுச் சாப்பிடாமலே எழும்புகிறார். அவரை ஏசுவதை நான் விட்டுவிட்டேன், என்னிடம் உள்ள ஏச்செல்லாம் கமிட்டிக்கே காணாமல் இருக்கிறது.

ஆகையால் நீ இங்கே வரவேண்டாம். பிள்ளைப்பேற்றுக்கு வருகிறேன் என்ற மகளை வராதே என்று எழுத வேண்டியிருக்கிறது, இந்த ஒரு வரியை எழுதத்தான் எனக்கு இத்தனை நாள் சென்றது. நான் வருகிறேன். காலிமுகக் கடலில் கால் நனைக்கவும் பயந்தவள் கப்பலேறப் போகிறாளா என்று ஐயா முதலில் நம்பவில்லை, பிறகு தானே போய் டிக்கட் எடுத்துக்கொண்டு வந்தார். ஆடிப்பிறப்புக்குப் பிறகு வெளிக்கிடும் கப்பல், பினாங்குக்கு மருமகனை வரச் சொல்லு. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற சரக்கெல்லாம் இடித்துக் கொண்டுவருவேன், அங்கே ஒன்றும் வாங்கிவைக்காதே. பாரம் தூக்காதே, கொதித்து ஆறிய தண்ணீரைத் தவிர வேறு குடிக்காதே.

உன்னையும் உன் வயிற்றில் இருப்பதையும் முருகன் ஒரு குறையும் இல்லாமல் தாயும் பிள்ளையுமாக வேறாக்கித் தரட்டும். ஐயாவும் தன் ஆசியை எழுதச் சொன்னார். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அம்மா வருகிறாள் என்று வீட்டைக் கூட்டிக் கழுவி வைக்காதே. வந்து இறங்கியதும் நான் முதலில் பார்ப்பது உங்கள் கானைத்தான், அது கிடக்கிறபடி கிடக்கட்டும்.

உன் வரவைப் பார்த்திருந்து, இப்போது உன்னிடம் வரப்போகும்
அம்மா
க. அருள்நாயகி