வெள்ளைப் புள்ளிகளுக்குள் ஒரு குரல்

என் பிரியமான நைனாவுக்கு,

உங்கள் பேத்திக்கு நாலு வயது நடக்கிறது. பீரோ கதவைத் திறக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள். அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போய்விட்டது. அந்த வீடியோ கேசட் அங்கேதான் இருக்கிறது. அவள் நாடாவை உருவிவிட்டால் உங்களை நான் எங்கே போய்த் தேடுவேன்?

பிரான்சிலிருந்து அண்ணன் அந்த டிஜிட்டல் பெட்டியைக் கொண்டுவந்தது நினைவிருக்கிறதா? பாட்டைப் புள்ளிகளாக்கி வீடியோ கேசட்டில் பதியும் பெட்டி. ஞாயிறுதோறும் நம் செலியமேட்டு வீட்டுக்கு வந்து உங்களோடு பாட்டுக் கேட்கும் வில்லியனூர் துணிக்கடை பாய் நம்பவே இல்லை. நீங்கள் குறுக்கே ஒரு வேட்டியைத் திரையாகக் கட்டச் சொன்னீர்கள். அதற்குப் பின்னால் அண்ணன் ஒரே பாட்டை உங்கள் ஸ்பூல் டேப்பிலும் புதுப் பெட்டியிலும் மாற்றி மாற்றிப் போட்டான். எது எது என்று நீங்கள் இருவரும் சொல்ல வேண்டும்.

"இரைச்சலே இல்லாம இன்னா பாட்டுபா இது? உப்பில்லாத பிரியாணியா கீது," என்றார் பாய்.

நீங்கள் சிரிக்கவில்லை. "சத்தம் சுத்தம்டா, ஒத்துக்கறேன். ஆனா அந்தக் கம்பெனிக்காரன் பெட்டி இல்லன்னா இந்தக் கேசட்டு பாடுமா? நாளைக்கு அவன் கடையக் கட்டிக்னு பூட்டான்னா?"

"நைனா, இனிமே எல்லாம் இதுதான்," என்றான் அண்ணன்.

"இருக்கட்டும். என் ஸ்பூல எவன் மெஷின்ல போட்டாலும் பாடும்டா."

பாப்பாவுக்குப் பேர் வைத்த அன்று அந்தப் பெட்டிதான் ஓடியது. மெல்லிய குரலையும் அது பிடிக்கும் என்று அண்ணன் மைக்கைத் தொட்டில் ஓரம் வைத்தான். பாய் சும்மா இருப்பாரா, உங்கள் ஸ்பூலையும் ஓடவிட்டார். வழக்கப்படி மூன்று முறை அவள் காதில் பேரைச் சொன்னீர்கள். அப்புறமும் நிமிரவில்லை. ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தீர்கள்.

"இன்னா நைனா சொன்னீங்க?" என்றேன்.

"அது எனக்கும் அவளுக்கும்டி."

அடுத்த கரும்பு வெட்டுக்கு நீங்கள் இல்லை. அந்த வருஷ மழையில் இடி விழுந்து பெட்டியும் கருகிப்போனது. பாண்டியில் காட்டிய இடமெல்லாம் கையை விரித்தார்கள். கம்பெனி அந்த மாடலையே நிறுத்திவிட்டதாம். கேசட்டைச் சாதாரண வீடியோவில் போட்டுப் பார்த்தேன். டிவியில் வெள்ளைப் புள்ளிகள் நடுங்கின, அவ்வளவுதான். அதற்குள் நீங்கள் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸ்பூலையும் போட்டேன். நீங்கள் சொன்னபடியே பாடுகிறது. பேர் கேட்கிறது. அதற்கப்புறம் நீங்கள் சொன்னதெல்லாம் இரைச்சலில் முங்கிவிட்டது. ஓடுகிற டேப்பில் உங்கள் வார்த்தை இல்லை. வார்த்தை இருக்கிற கேசட்டோ வாய் திறப்பதில்லை. நீங்கள் சொன்னது சரியா, அண்ணன் சொன்னது சரியா நைனா?

அண்ணனுக்குத் தெரிந்த ஒருவரிடம் அதே பெட்டி இருக்கிறதாம். பொங்கலுக்கு இரவல் வாங்கி வருகிறான். நேற்றுவரை நான்தான் முதலில் கேட்பேன் என்று இருந்தேன். எனக்கென்று சொல்லாமல் போனது ஏதாவது அதில் இருக்குமோ என்று ஓர் ஆசை. உங்களுக்குத் தெரியாதா என் ஆசை?

ஆனால் நீங்கள் எனக்குச் சொல்லவில்லையே.

அதனால் ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். அது ஓடும்போதே ஒரு சாதா பாட்டுக் கேசட்டிலும் ஏற்றிவைப்பேன். இனி எவன் பெட்டியையும் நம்பி அவள் காத்திருக்க வேண்டாம். ஹெட்போனை அவள் காதில் மாட்டி, பொத்தானை அழுத்திவிட்டு, நான் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். அவளாக வந்து சொன்னால் சொல்லட்டும்.

கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கப்போகும்,
உங்கள் கடைக்குட்டி மகள்