பஸ் வீட்டுக்கு ஒரு கொட்டில்

ஆனி 22, புதன்

விடிந்ததிலிருந்து சோளகக் காற்று. கூட்டக் கூட்டப் புழுதி. பஸ்ஸைக் கழுவினேன். துடைத்து முடிய முதல் திரும்பவும் மண். காற்றை நல்லாய்ப் பேசினேன். அது கேட்கிறதா என்ன.

மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே இவர் மெல்லச் சொன்னார், பஸ்ஸுக்குக் கொட்டில் போடப்போகிறாராம். வெயிலில் கிடந்து கூரை வெடிக்கிறது, மாரிக்குள் பலகை உக்கிவிடும், கொட்டில் போட்டு நிழலில் விட்ட பிறகுதான் கதிர்காமமோ கண்டியோ போகிற கதை. கூரை வேயத் தென்னோலைக் கிடுகுக்கும் சொல்லியாயிற்றாம்.

இந்த பஸ்ஸை இருபது வருடம் பருத்தித்துறை றோட்டில் ஓட்டியவர் இவர்தான். அரசாங்கம் தனியார் பஸ்களை எல்லாம் தன் கையில் எடுத்தபோது இந்தக் கிழட்டை மட்டும் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். "நீதான் இதோடை மாரடிச்சனி, நீயே கொண்டு போ" என்று முதலாளி கொடுத்துவிட்டார். என் அப்பாவுக்குக் கிடைத்த வயல் காணியைப் பார்க்க நாங்கள் கிளிநொச்சிக்கு வந்ததே இதில் சாமான் ஏற்றிக்கொண்டுதான். பிறகு சீற்றெல்லாம் கழற்றி, இரண்டு கட்டில், ஒரு தட்டு, மண்ணெண்ணெய் அடுப்புக்கு இடம், யன்னலுக்கு என் பழைய சேலையில் திரை. இதிலேயே சமைத்து, இதிலேயே படுத்து ஊர் பார்க்கப் போக என்று கொஞ்சம் கொஞ்சமாய், இரண்டு பேரும் சேர்ந்து. ஊரெல்லாம் சிரித்தது. சிரிக்கட்டும்.

மகளைத் தையில் கட்டிக் கொடுத்தாயிற்று. இந்தமுறை குளத்தில் தண்ணீர் காணாது, எங்கள் பக்கத்துக்குச் சிறுபோக விதைப்பு இல்லை. காணிக்கு வந்த பிறகு வேலையில்லாத ஆடி இதுதான் முதல். கதிர்காமத்தில் கொடி ஏறுகிற மாதமும் அதுதான். மாங்குளத்துக்கு அங்காலை நான் ஒன்றும் கண்டதில்லை. இந்த ஆடியை விட்டால் பிறகு எந்த ஆடி?

வாங்க: மண்ணெண்ணெய், திரி, சவுக்காரம்.

ஆனி 23, வியாழன்

கிடுகு வந்துவிட்டது. பளையிலிருந்து ஆனையிறவு தாண்டி லொறியில். வேலியோடு அடுக்கியாயிற்று. பச்சைக் கிடுகு வாசம் நல்லாய்த்தான் இருக்கிறது, சும்மா சொல்லக்கூடாது. ஆனால் பார்க்கப் பார்க்க எரிச்சல்.

என் பயம் இதுதான், வேறு ஆர் பார்க்கப் போகிறார்கள், எழுதி வைக்கிறேன். இவர் கை பட்ட கூரைக்குக் கீழ் எது இருந்தாலும் அது நெல் வைக்கிற இடமாய்ப் போகும். வாற போற ஆட்களுக்கென்று வீட்டோடு இறக்கிக் கட்டிய அறையில் இப்போது நெல் மூட்டை. அலுமாரியின் கீழ்த்தட்டில் விதைப் பயறு. பஸ் ஒருக்கால் கொட்டிலுக்குள் போனால் காலபோக நெல் வெட்டின கையோடு என் கட்டிலுக்கு மேலேயும் மூட்டைதான். பிறகு நான் மூட்டைக்கு மேல் இருந்துகொண்டு கதிர்காமத்தைக் கும்பிட வேண்டியதுதான்.

சின்னத்துரை அண்ணை, பக்கத்துக் காணிக்காரர், வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, இவ்வளவு உயரத்துக்குப் போட்டால் அது கொட்டில் இல்லை, கோயில் மண்டபம் என்றார். சோளகத்துக்கு நிற்குமோ என்றும் கேட்டார். இவருக்கு மூக்கு நுனியில் கோபம். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு.

ஆனி 25, சனி

யோசித்து யோசித்து மண்டை காய்கிறது. ஞாயமாய்ப் பார்ப்போம்.

கொட்டில் வேண்டும்: வெயில். மாரி. காகம் (கூரை முழுக்க எச்சம்). இவருடைய மனம்.

கொட்டில் வேண்டாம்: காற்று. நெல். கூரை தாங்குகிற கப்புக்கு மரம் வெட்டக் காட்டுக்குப் போய் வரவே பாதி ஆடி போய்விடும், வேய்ந்து முடிய மற்றப் பாதி. கொடி ஏறி இறங்கியும் விடும். நான்.

நான் என்று எழுதிப்போட்டு அதையே பார்த்துக்கொண்டு இருந்தேன். நானும் ஒரு காரணந்தானே. ஓம், காரணந்தான்.

பின்னேரம் கறிவேப்பிலைக் கன்றுக்குத் தண்ணீர். எருமை ஒன்று வேலி பிரித்திருக்கிறது.

ஆனி 27, திங்கள்

இன்றைக்கு ஒரு வேலை செய்தேன்!

ஆடியில் வீட்டு வேலை தொடங்கக்கூடாது. கப்பு நடக்கூடாது. அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் இவர் சொல்வது, பஸ் என்பது வண்டி, வண்டிக் கொட்டிலுக்கு மாதமும் இல்லை, நாளும் இல்லை. சரி. அப்படியென்றால் பஸ் வண்டியாய் இருந்தால்தானே?

இவர் வாய்க்கால் பக்கம் போன நேரம் பார்த்துத் தலைக்குத் தோய்ந்தேன், பஸ்ஸுக்குள் கழுவி மஞ்சள் தெளித்தேன், வாசலில் சின்னக் கோலம், நிறைகுடம், வாழை இலை. புதுப் பானையில் பால் வைத்தேன். மண்ணெண்ணெய் அடுப்புத்தான், அடுப்பு அடுப்புத்தானே. சின்னத்துரை அண்ணையின் பெண்சாதி மகேசு அக்காவைக் கூப்பிட்டேன், சாட்சிக்கு ஆள் வேண்டுமே. அவா வந்து பார்த்துவிட்டு, "என்னடி, குடிபூரலோ?" என்றா. ஓம், புதுவீட்டுக்குப் பால் காய்ச்சுகிறேன் என்றேன். வாய் மூடாமல் சிரித்தா. பால் கிழக்குப் பக்கம் பொங்கி வழிந்தது. இரண்டு பேரும் அரோகரா சொன்னோம்.

இவர் வந்து பார்த்தார். கோலத்தை மிதிக்காமல் சுற்றிப் போனார். நாள் பார்க்கிற சாத்திரியாரைப் புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறாராம். வரட்டும். இனி அது வீடு.

ஆனி 29, புதன்

சாத்திரியார் வந்தார். வெற்றிலை, கோப்பி, இரண்டாம் முறையும் கோப்பி. பஸ்ஸைச் சுற்றி வந்தார், உள்ளே எட்டிப் பார்த்தார், கட்டிலைத் தட்டிப் பார்த்தார். இவர், வண்டிதானே ஐயா, ஆடியில் கப்பு நடலாந்தானே என்று கேட்டார். நான் குசினி வாசலில் நின்று, பால் காய்ச்சியாயிற்று என்றேன். மகேசு அக்கா கண்டவா என்றும் சொன்னேன்.

"பொங்கினதோ?"

"ஓம், கிழக்காலை."

சாத்திரியார் கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றார். பிறகு சொன்னார், பால் பொங்கி ஆக்கள் படுக்கிற இடம் வீடுதான், சில்லு இருந்தால் என்ன கால் இருந்தால் என்ன. ஆடியில் கப்பு நடக்கூடாது. ஆவணியில் பார்ப்போம்.

வென்றாயிற்று! குசினிக்குள் ஓடிப் போய்த் தனியாக நின்று கை தட்டினேன், சிறுபிள்ளை போல.

போக வெளிக்கிட்டு வாசல் படலையைத் திறந்த சாத்திரியார் அங்கே நின்றுகொண்டு திரும்பி என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, ஒண்டு சொல்ல மறந்திட்டன். பால் காய்ச்சின வீட்டை ஆடியிலை இடம் மாத்திறதும் இல்லை, கண்டியோ."

போய்விட்டார்.

நான் அப்படியே படலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் வாயால், என் பாலால், என் பஸ்ஸை நானே கட்டிப்போட்டுவிட்டேன். இந்த மொக்கு வேலையை இந்தக் கிளிநொச்சியில் வேறு எவள் செய்வாள்? இரவைக்குச் சமைக்கவில்லை. பாணும் சம்பலும்.

இன்னொன்று. சாத்திரியார் அதைச் சொன்னபோது இவருடைய முகத்தைக் கண்டேன். சந்தோசமும் இல்லை, கவலையும் இல்லை. பாரம் இறக்கி வைத்த ஆளின் முகம். ஏன்?

ஆனி 30, வியாழன்

கேட்டுவிட்டேன். மனதில் வைத்திருந்து எனக்குப் பழக்கமில்லை.

காலையில் தேடினால் ஆள் பஸ்ஸுக்குள். சாரதி ஆசனத்தில், இரண்டு கையும் ஸ்ரியறிங்கில், எதிரே கிடுகு அடுக்கைப் பார்த்தபடி. பக்கத்தில் போய் நின்றேன். கோபத்தில்தான் போனேன். பயணம் போக விருப்பமில்லை என்றால் வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே, எதற்கு இந்தக் கொட்டில் கதை என்று கேட்டேன்.

பிறகு முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நான் ஏத்தம் ஓட்டினதில்லையப்பா."

எனக்கு விளங்கவில்லை.

"யாழ்ப்பாணத்திலை எங்கை மலை? இருவது வருசமும் சமதரை. நான் ஏறின பெரிய ஏத்தம் ஒரு வாய்க்கால் மதவு. கண்டிப் பக்கம் போனால் மலை மலையா வருமாம். நடு ஏத்தத்திலை இது நிண்டு, உம்மையும் வைச்சுக்கொண்டு பின்னாலை உருண்டால்?"

சிரித்துவிட்டேன். பாவி நான், அவ்வளவு பெரிய மனிதர், பருத்தித்துறை றோட்டில் இவர் ஓட்டினால் கோப்பிக் கோப்பை தளம்பாது என்று ஆட்கள் சொன்ன சாரதி, ஒரு மதவு! சிரித்து முடிய முதல் அழுகை வந்துவிட்டது. இவ்வளவு நாளும் இதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு கிடுகு வாங்கியிருக்கிறார். கரை வழியாகத் திருகோணமலை, மட்டக்களப்பு என்று போனால் சமதரைதானாம், ஆனால் ஆறு ஆறாய்த் தெப்பம் போல மிதக்கிற பாதையில் பஸ்ஸை ஏற்றி இறக்க வேண்டும், அது இன்னும் பயமாம்.

நான் சொன்னது இதுதான், சரியாய் எழுதுகிறேன்:

"நிண்டால் நிண்ட இடத்திலை உலை வைப்பம். அதுக்குத்தானே அடுப்பு. ஏறாட்டி மலையடியிலை நிண்டு அண்ணாந்து பாத்திட்டு வருவம். எனக்கு அது காணும்."

என்னைத் திரும்பிப் பார்த்தார். எத்தனை நாளைக்குப் பிறகு இப்படிப் பார்க்கிறார் என்று தெரியாது.

பிறகு மெல்லக் கேட்டார், ஆடி எப்போது பிறக்கிறது? ஞாயிற்றுக்கிழமை. அப்படியென்றால் சனிக்கிழமை இன்னும் ஆனிதானே?

ஆனிதான்! ஆனிதான்! ஆடியில்தானே வீடு இடம் மாறக்கூடாது? அதற்கு முன்னம் வெளிக்கிட்டு விட்டால்? வழியில் ஆடி பிறந்தால் அதற்கு நாங்கள் என்ன செய்கிறது, வீடு ஏற்கெனவே றோட்டில் நிற்கும்.

ஆனி 31, வெள்ளி

நாய்க்கு வேலையும் இல்லை நிற்க நேரமும் இல்லை. காலையிலிருந்து இருக்கவில்லை.

எடுத்தாயிற்று: அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள், புளி, வறுத்த மா, பயறு, பனங்கட்டி, தேங்காய். எடுக்க: கம்பளி (மலையில் குளிராம்!), விபூதி, கயிறு, மகேசு அக்காவின் பெரிய தண்ணீர்க் குடம்.

இதற்குள் ஒரு கூத்து. கொட்டில் வேலைக்கு இவர் முன்னமே ஆட்களுக்குச் சொல்லி வைத்திருந்தார், அது ஆவணிக்குத் தள்ளிப்போனதை ஒருவருக்கும் சொல்லவில்லை. அயலட்டை முழுவதும் கத்தியும் கயிறுமாய் வந்து நிற்கிறது. வேலைக்கு வந்தவனைச் சாப்பாடு போடாமல் அனுப்பக்கூடாது, வேலை செய்யாமல் சாப்பிட அவர்களும் விடமாட்டார்கள். என்ன செய்கிறது? சின்னத்துரை அண்ணைதான் சொன்னார், பஸ்ஸின் கூரையும் வெடித்துத்தானே கிடக்கிறது, அதற்கு மேலேயே வேய்ந்துவிடுவோம் என்று. சாமான் வைக்கிற கம்பியில் கிடுகைப் படுக்கையாய் வைத்து, வரிந்து, கயிறு போட்டு இறுக்கினார்கள். ஆடிக்காற்றுக்கு அம்மியே பறக்குமாம், இது எம்மட்டு என்று ஆரோ சொல்ல, இன்னும் ஒரு சுற்றுக் கயிறு.

வேய்ந்து முடியப் பார்த்தால், கடவுளே, சில்லு வைத்த குடிசை. எல்லாரும் சிரித்தார்கள், நாங்களுந்தான். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, மோர். பந்தி முடிந்த பிறகு இவர் தனியாய்ப் போய்ப் பின்னுக்கு நின்று அந்தக் கூரையைத் தடவிப் பார்த்தார். கொட்டில் போட்டது போலவே ஒரு திருப்தி முகத்தில். அப்பாடா.

சனி கிழக்கே சூலம். நாங்கள் தெற்கே. பிழையில்லை.

ஆனி கடைசி நாள், சனி

ராகுகாலம் கழிய வெளிக்கிட்டோம். மகேசு அக்கா அழுதா, ஏதோ நான் சீமைக்குப் போவது போல. மாட்டை அவர்கள் பார்ப்பார்கள்.

முறிகண்டிப் பிள்ளையாரடியில் எல்லா வாகனமும் நிற்கும், நாங்களும் நின்றோம். ஆனால் இவர் எஞ்சினை நிற்பாட்டவில்லை. நான்தான் இறங்கி ஓடித் தேங்காய் உடைத்து, கச்சான் கடலை வாங்கி, ஓடி ஏறினேன். எஞ்சின் நின்றால் திரும்ப எடுக்காதாம். பிள்ளையாரிடமும் அதையே சொல்லிவிட்டு வந்தேன்.

மாங்குளம்! மாங்குளம் தாண்டியாயிற்று! யன்னலால் தலையை நீட்டிக்கொண்டு வந்தேன். இரண்டு பக்கமும் காடு, மயில், குரங்கு. ஒன்றும் புதிதில்லை, அங்கேயும் அதே காடு அதே குரங்குதான். ஆனால் நான் காணாத குரங்கு.

பின்னேரம் நின்றுவிட்டது. சமதரையில்! ஏற்றம் ஒன்றும் இல்லாத நேர் றோட்டில். இவர் என்னைப் பார்த்தார். நான் உலை வைத்தேன்.

ஆடி 1, ஞாயிறு

ஆடிப்பிறப்பு. றோட்டுக்கரையில், பாலை மரத்துக்குக் கீழ். காற்றில் கூரை படபடக்கிறது, ஒரு கிடுகும் கழலவில்லை.

இவர் விடிய முதல் எஞ்சினுக்குள் தலை. நான் ஆடிக்கூழுக்கு அடுப்பு மூட்டினேன். பயறு வெந்து, மா கரைத்து விட்டு, பனங்கட்டி போட்டாயிற்று. தேங்காய்ப்பாலும் விட்டாயிற்று. போகிற வண்டில்காரர் நான்கு பேர் நின்று விடுப்புப் பார்த்தார்கள், அப்படியே தள்ளவும் வந்தார்கள். கூழ் குடித்துவிட்டுத் தள்ளுங்கோ என்றேன். தள்ளிவிட்டுக் குடிக்கிறம் அக்கா என்றார்கள்.

தள்ளினார்கள். இருமியது. திரும்பத் தள்ளினார்கள். பிடித்துவிட்டது! பிடித்துவிட்டது! இவர் நிற்பாட்டவில்லை. வண்டில்காரர் பின்னால் ஓடி வருகிறார்கள், கூழ் என்று கத்துகிறார்கள், பாவங்கள். அடுப்பு எரிகிறது, ஒரு கையால் பானை, மற்றக் கையில் பென்சில், எழுத்தெல்லாம் கோணல். கூழ் பொங்குகிறது, இம்முறை எந்தப் பக்கம் பொங்குகிறது என்று ஆருக்குத் தெரியும், றோட்டு வளைந்துகொண்டே போகிறது.

இவர் திரும்பிப் பாராமல் கேட்கிறார்.

"இஞ்சாரும், பானை ஊத்துப்படுதே. நிப்பாட்டட்டோ?"

"நிப்பாட்டாதையுங்கோ."