முழங்கை வரை கை வைத்த ஜாக்கெட்

ஜூன் 3, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். மழை மதியத்துக்கு மேல்தான் வரும். இந்த ஊரில் பள்ளிக்கூட மணி போல நேரம் தவறுவதில்லை. இடது கையால் எழுதிப் பழகுகிறேன். 'ழ' இன்னும் குப்புற விழுகிறது. இதற்காகக் காரைக்காலில் எத்தனை பிள்ளைகளைத் திரும்பத் திரும்ப எழுத வைத்திருப்பேன்.

இன்றைக்கு: மாத்திரை. விரல் பயிற்சி. மலரிடம் தேங்காய்ப் பால் வாங்கச் சொல்ல. நாளை ஆஸ்பத்திரியில் சமரசக் கூட்டம், கோபப்படக் கூடாது.

வரிசையாகச் சொல்லுங்கள் என்று வக்கீல் தாவ் சொல்லியிருக்கிறாள். சின்னப் பெண், நல்ல பெண். சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன்.

இந்த ஊர்ப் புத்தாண்டான டெட் பண்டிகை முடிந்த வாரம் வாந்தி, மயக்கம். மகள் மலர் அழைத்துப் போனாள். ஓர் ஆண் நர்ஸ் வலது மேல்கையில் ஊசி போட்டான். போட்ட நொடியே விரல் நுனி வரை மின்சாரம். அலறினேன். மறுநாள் மணிக்கட்டு வாடிய கீரைத்தண்டு மாதிரி தொங்கிவிட்டது. ஊசி நரம்பில் ஏறியிருக்கிறது என்றார் வேறோர் ஆஸ்பத்திரி டாக்டர். மழைக்காலம் முடிவதற்குள் அறுவை செய்ய வேண்டும், தள்ளிப்போட்டால் பயனில்லை. எனக்கு இந்த நாட்டில் இன்ஷூரன்ஸ் கிடையாது. இழப்பீடு வந்தால்தான் அறுவை. அவர்கள் தவற்றை எழுத்தில் ஒப்புக்கொண்டால்தான் இழப்பீடு. இல்லாவிட்டால் கை இப்படியே.

இதைச் சொல்ல இவ்வளவுதான் ஆகிறது. நான்கு மாதமாகக் கேட்க ஆள் இல்லை.

ஜூன் 4, புதன்

எரிச்சல். எரிச்சல். தேநீர் மட்டும் நன்றாக இருந்தது.

நீள மேஜை. அவர்கள் பக்கம் துணை இயக்குநரும் இரண்டு பேரும். நடுவில் கூட்டத்தின் தலைவி, வெளியிலிருந்து வந்த மூத்த டாக்டரம்மா, வாயே திறக்கவில்லை. அந்த நர்ஸ் வரவில்லை. துணை இயக்குநருக்கு என்ன மரியாதை! என்னைக் 'கோ' என்கிறார். இங்கே டீச்சரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். தன் கையாலேயே தேநீர் ஊற்றினார். தேநீர் ஆறியிருந்ததற்கு மன்னிப்புக் கேட்டார். ஊசிக்குக் கேட்கவில்லை.

மலர் என் காதில்:

"ஊசி சரியான எடத்துலதான் போட்டோம்ங்கறார். தோள் எலும்புக்குக் கொஞ்சம் கீழ. ரெக்கார்டுல அப்படித்தான் இருக்காம்."

"அப்ப நரம்பு எப்படிடி போச்சு?"

"சக்கரையாம். அப்புறம்... அம்மா, கத்தாதே. நீ வருஷக்கணக்கா போர்டுல எழுதுனதுல கை தேஞ்சுபோச்சாம்."

"அப்படின்னா மொதல்ல என் நாக்குல்ல தேஞ்சிருக்கணும். கேளுடி."

அவள் கேட்கவில்லை. வயசாகிவிட்டால் நம் பிள்ளைகளே நம்மைத் தணிக்கை செய்கிறார்கள்.

'உதவித்தொகை' என்று ஏதோ தருவார்களாம். இழப்பீடு என்ற பேச்சே கூடாதாம். பையன் பந்தடித்து ஜன்னலை உடைத்துவிட்டு, டீச்சருக்குக் காற்று வரட்டும் என்று அன்பளிப்புத் தருகிறேன் என்பது போல. அறுவைக்கு அது எந்த மூலைக்கு?

கடைசியாகத் துணை இயக்குநர் எழுந்து வந்தார். அனுமதி கேட்டுக்கொண்டு என் சட்டையின் கையைத் தோள் வரை சுருட்டினார். வழவழவென்று ஏறியது. "பாருங்கள், இவ்வளவு சுலபம். எங்கள் பையன் இதை விட்டுவிட்டு ஏன் கீழே குத்தப் போகிறான்?" எல்லோரும் பார்த்தார்கள். தாவ் கூட.

நான் போட்டிருந்தது 'தோ போ'. இங்கே பெண்கள் வீட்டிலும் சந்தையிலும் போடும் பூப்போட்ட தொளதொள சட்டையும் கால்சட்டையும். கை விழுந்த பிறகு என்னால் ஜாக்கெட்டுக்குக் கொக்கி போட முடியாது, புடவைக் கொசுவம் பிடிக்க முடியாது. அதனால் இது.

திரும்பும்போது கொட்டுகிற மழை. டாக்சி பாலத்தில் நின்றுவிட்டது. அப்போதுதான் உறைத்தது. ஊசி போட்ட அன்றைக்கு நான் தோ போவிலா இருந்தேன்?

ஜூன் 5, வியாழன்

தாவுக்குப் போன். இங்கிலீஷில்தான் பேசிக்கொள்வோம்.

அன்று புடவை, ஜாக்கெட். முழங்கை வரை இறுக்கமாகக் கை வைத்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என் அளவு அதுதான். சட்டைக் கையை ஏற்று என்று நர்ஸ் சைகை காட்டினான். இந்தக் கை ஏறாது, முன்பக்கம் அவிழ்த்துத்தான் தோளைக் காட்ட வேண்டும். எதிர் பெஞ்சு முழுக்க ஆண்கள். திரையை இழுக்கச் சொல்லித் திரையையே தொட்டுக் காட்டினேன். "துவொக், துவொக்" என்றான், சரி சரி என்று அர்த்தம். இழுக்கவில்லை. கையை முடிந்த மட்டும் நெட்டித் தள்ளினான். எங்கே நின்றதோ அங்கே குத்தினான்.

தாவ் கேட்டாள்: "கோ, இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை?"

"யாரும் கேட்கலையேம்மா."

"நான் சாதாரணச் சட்டை என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்!"

என் மேலும் தப்புதான். ஜாக்கெட்டின் கை ஏறாது என்பது எனக்குச் சூரியன் கிழக்கே உதிப்பது மாதிரி. அதைப் போய் யாராவது சொல்வார்களா?

இன்னொரு அமர்வு கேட்டு மனுப் போடுகிறாளாம். ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வாருங்கள் என்றாள். ஒரு கவலையும் சொன்னாள். கழற்ற மறுத்தது நோயாளிதான் என்று நம் பக்கமே திருப்புவார்களாம்.

பாயசம் திரிந்துவிட்டது. தேங்காய்ப் பால் பழசு.

ஜூன் 6, வெள்ளி

பீரோவில் ஒரு ஜாக்கெட் கூட இல்லை.

"எல்லாத்தையும் தையக்காரம்மாகிட்ட குடுத்துட்டேன். கையை வெட்டித் தொளதொளன்னு ஆக்கச் சொல்லி. உனக்கு சௌகரியமா இருக்கட்டும்னுதான்," என்கிறாள் மலர்.

"எப்போ?"

"போன வாரம்."

திட்டவும் முடியவில்லை. அன்பாகச் செய்தது. மழைக்கோட்டோடு அவள் பைக்கில் பின்னால் உட்கார்ந்து, ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டு போனேன். சந்துக்குள் சின்னக் கடை. தரையில் என் கைகள் கிடந்தன. துணிக் கைகள்தான். பச்சை, மாம்பழ மஞ்சள், நீலம். மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

காப்பிக் கலர் மட்டும் வெட்டாமல், சாக்பீஸ் கோடு போட்டு மெஷின் மேல். அன்று போட்டிருந்தது இல்லை. பரவாயில்லை, எல்லாம் ஒரே தையல்காரர், ஒரே அளவு.

அந்தம்மா தன் கையைப் பிடித்து அமுக்கிக் காட்டி ஏதோ சொல்லிச் சிரித்தாள். மலரும் சிரிக்கிறாள்.

"என்னடி?"

"உங்க ஊருல சட்டை தைப்பாங்களா, கட்டுப் போடுவாங்களான்னு கேக்குது."

இரவு மாப்பிள்ளை: "அத்தை, ஹியரிங்குக்கு ஜாக்கெட்டைத்தான் சாட்சியா கூட்டிட்டுப் போறீங்களா?" ஆமாம் என்றேன். ஜாக்கெட் பேச்சு மாறாது.

ஜூன் 10, செவ்வாய்

மழை காலையிலேயே. எல்லாம் தலைகீழ்.

கொக்கி போட மலர். "மூச்சை இழு. இன்னும்." தொங்கும் மணிக்கட்டை மெல்ல நுழைத்து இழுத்தோம்; வலித்தது. புடவையும் அவள்தான் கட்டிவிட்டாள். கொசுவம் தாறுமாறு. எத்தனை மாதம் கழித்துக் கண்ணாடியில் என்னைப் பார்க்கிறேன்.

அதே மேஜை. துணை இயக்குநர் என் புடவையைப் புகழ்ந்தார். தேநீர் சூடு.

தாவ் அதிகம் பேசவில்லை. "அன்று இவர் அணிந்திருந்தது இந்த வகை. யாராவது கையைத் தோள் வரை ஏற்றிக் காட்டுங்கள்," என்றாள். துணை இயக்குநர் எழவில்லை. தலைவிதான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வந்தார். வயதான, ஜில்லென்ற விரல்கள். சுருட்டினார், தள்ளினார். மேல்கையில் பாதி. அதற்கு மேல் போகவில்லை. துணியின் விளிம்பில் விரலை வைத்து, கையின் பின்பக்கம் மெதுவாகத் தடவிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் அமுக்கினார்.

கத்திவிட்டேன். விரல் நுனி வரை அதே மின்சாரம்.

"நரம்பு எலும்பைச் சுற்றி வரும் இடம்," என்று அவர் தனக்குள் சொன்னதை மலர் சொன்னாள்.

தாவ் பயந்தபடியே ஆயிற்று. கழற்ற மறுத்தது நோயாளிதானே என்றார் துணை இயக்குநர்.

"மலரு, ஒண்ணு விடாம சொல்லு," என்றேன். "காம்பஸ் கொண்டு வராத பையன்கிட்ட, கையாலயே வட்டம் போடு, கோணலானா உன் தப்புன்னு நான் சொன்னதில்லை. பக்கத்துப் பையன்கிட்ட வாங்கிக் குடுப்பேன். உங்களுக்கு வேண்டியிருந்தது ஒரு திரை. அது அங்கயே தொங்கிட்டு இருந்துச்சு."

இந்தத் தடவை மலர் தணிக்கை செய்யவில்லை.

உதவித்தொகையை உயர்த்தலாம் என்று துணை இயக்குநர் ஆரம்பித்தார். தலைவி கையைக் காட்டி நிறுத்தினார். ஊசி போட்ட இடம் தவறு, மறைப்பு கொடுக்காதது ஆஸ்பத்திரியின் குறை என்று எழுதச் சொன்னார். அறுவைச் செலவிலிருந்து தொடங்கலாம் என்றார். இழப்பீடு என்ற சொல்லை அவரே சொன்னார். தாவ் மேஜைக்கு அடியில் என் இடது கையைப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே வந்தால் மழை விட்டிருந்தது. டாக்சி கிடைக்கவில்லை. சக்கரை இருக்கிறது என்று தெரிந்தும் ஒரு கரும்புச்சாறு.

வீட்டுக்கு வந்ததும் மலர் கொக்கியைக் கழற்ற வந்தாள். கையில் இறுக்கின கோடு சிவப்பாக இருக்கிறதாம்.

இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்றேன்.