தறிக்குழியில் பாடம் பண்ணிய தளபதி

ஆடி 9, வியாழன்
புழுக்கம். மத்தியானம் ரெண்டு தூறல், அவ்வளவுதான்.
வெட்கக்கேடு ஒன்று. ஒட்டு மீசை வைத்துக் கண்ணாடி முன்னாடி முறைத்துக்கினு இருந்தேன். பெண்டாட்டி ஜெயா பார்த்துவிட்டாள். "தளபதியாரே, பால் வாங்கியாரணும்." மீசையோடயே போய் வாங்கி வந்தேன்.
ஞாயிறு அம்மன் திருவிழா நாடகம். வெள்ளைக்காரக் கும்பினிப் படையை எதிர்க்கும் ஊர்ப்படைத் தளபதி நான். பத்து வருஷம் வேல் பிடித்து ஓரமாக நின்றவன், இந்த வருஷம்தான் தளபதி. நாடக மன்றச் செயலாளர் கறார்: "மேடையில திக்குனா மறுபடி வேல்தான்."
நான் எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் கும்பினிக்காரன் சீமைக்கே திரும்பிடுவான். ஆகவே ஜெயா படிக்கிறாள், நான் தறியில் உட்கார்ந்து சொல்கிறேன். ஒரு மிதி, ஒரு வார்த்தை. நல்லா ஏறுது.
சாயங்காலம் ஒத்திகை. தறி இல்லை, மிதி இல்லை, வசனமும் இல்லை. இருமிச் சமாளித்தேன்.

ஆடி 10, வெள்ளி
தறிக்குழி ஜன்னலுக்கு வெளியே சேகர். ஜெயா தம்பி. நாடகத்தில் கும்பினித் துரை அவன்தான்.
"இன்னா தொரை, உளவா?"
"சும்மா, காத்துக்கு நின்னேன் மாமா."
அந்தச் சந்தில் ஏது காத்து? சாக்கடைதான்.

ஆடி 11, சனி
வாங்க: பசை, பெல்ட்டு, நூல்கண்டு.
டீக்கடையில் சேகரும் செயலாளரும் குசுகுசு. என்னைப் பார்த்ததும் வாழைப்பழத்தைப் பற்றிப் பேச்சு. செயலாளர் வாழைப்பழமே தொடமாட்டார்.
வீட்டுக்கு வந்து ஜெயாவிடம் சொன்னேன்: "உன் தம்பி என் வேஷத்துக்கு அடி போடறான்."
"அவனுக்கு மூஞ்சிக்குப் பவுடர் அப்பறதுக்கே நேரம் போதல. வந்து சோத்தைத் தின்னு."
இருந்தாலும் தளபதி கத்தியை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

ஆடி 13, திங்கள்
நாடகம் ஆச்சு.
துரை படையோடு வந்தான். வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. காலால் மிதித்துப் பார்த்தேன். மேடைப் பலகைதான் ஆடியது.
சேகர் கிட்டே வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு என் வசனத்தை எடுத்துக் கொடுத்தான். ஒத்திகையில் நான் இருமியதைப் பார்த்துப் பயந்து செயலாளர்தான் அவனையும் என் வசனத்தைப் பாடம் பண்ணச் சொன்னாராம். அதற்குத்தான் ஜன்னல்.
அவன் சட்டையில் மைக் இருந்தது. கும்பினித் துரை தளபதியைப் பார்த்து, "எங்க மண்ணுல உனக்கு இன்னாடா வேலை, வெளியே போ" என்று சொன்னது கோயில் வாசல் வரை கேட்டது. ஜனங்கள் கை தட்டினார்கள்.
நான் "சரிங்க" என்று சொல்லிவிட்டு வேல்காரர்கள் வரிசையில் போய் நின்றேன். ஒரு வேல் மிச்சம் சாத்தியிருந்தது. கத்தி பீரோவில். வேலைப் பிடித்துக்கொண்டேன்.