ஓடுகிறவனை நிறுத்தும் வேலை

மார்ச் 2, ஞாயிறு
விடியலில் லேசான பனி, எட்டு மணிக்கே வெயில். எங்கள் ஆலை மன்றத்தின் பதிமூன்று மைல் ஓட்டம் அடுத்த ஞாயிறு. ஒரகடத்திலிருந்து பிள்ளைப்பாக்கம் போய்த் திரும்ப வேண்டும். தண்ணீர், முதலுதவி என் பொறுப்பு. டிஸ்பென்சரி நர்ஸ் என்றால் எல்லாம் தலையில்.

இன்று ஒத்திகை. கேன்டீன் டம்ளர்களை அடுக்கி வைத்தேன். என்ன புத்தியோ எனக்கு. ஒருவரும் வாய் வைக்கவில்லை. ஓடிக்கொண்டே அண்ணாந்து ஊற்றினால் மூக்கில்தான் போகும். புரையேறி இருமல். மற்றவர்கள் குடிக்காமலே போய்விட்டார்கள்.

"எவன் வாய் வெச்ச டம்ளரோ, நமக்கு இன்னாத்துக்கு சிஸ்டர்?" என்றார் ஒரு சூப்பர்வைசர். எங்கள் காலனிப் பையன்களை நினைத்துத்தான் சொன்னார் என்று எனக்குத் தெரியும். டம்ளர்களைக் கூடையில் அள்ளிப் போட்டேன். வந்த கோபம் இன்னும் போகவில்லை.

மார்ச் 4, செவ்வாய்
பெரும்புதூர் கடையில் தொன்னை சொல்லியாயிற்று. ஒருவர் குடித்ததும் எறிந்துவிடலாம். இன்னும் வேண்டியவை: உப்பு, எலுமிச்சை, ஈரத்துணி, டெம்போ.

மாலை கமிட்டி. ஆறு மணிக்குத் தொடங்கச் சொன்னேன். "சீஃப் கெஸ்ட் ஏழரைக்குத்தாம்மா வருவாரு." நைட் ஷிப்ட் பார்த்தவர்கள் ஓடக் கூடாது என்றேன். "அப்ப பாதிப் பேரு தேற மாட்டான்." ஒன்றுதான் ஜெயித்தது. தள்ளாடுகிறவனை நிறுத்திப் பேர் கேட்பேன். சரியாகச் சொல்லாவிட்டால் டெம்போவில் ஏற்றுவேன்.

மார்ச் 7, வெள்ளி
சிலுவைப்பாதை முடிந்து வீடு. சாப்பிடும்போது தம்பி டேவிட் சொன்னான், ஓட்டத்தில் முதலில் வருகிற கேஷுவல் தொழிலாளியை பர்மனென்ட் ஆக்குவார்களாம்.

"யாருடா சொன்னது?"

"எல்லாரும் சொல்லிகினு கீறாங்கக்கா."

எங்கள் ஆலையிலேயே அவன் மூன்று வருஷமாக கேஷுவல். பெண் பார்க்கப் போன இடத்திலும் அதைத்தான் கேட்டார்கள். சனிக்கிழமை நைட் ஷிப்டுக்குப் போக மாட்டேன் என்று சத்தியம் வாங்கினேன். பாவம், ஆசை.

மார்ச் 9, ஞாயிறு
ஆஸ்பத்திரியிலிருந்து இப்போதுதான் வந்தேன்.

கடைசித் தண்ணீர் மேசை வடக்குப்பட்டு பக்கம். நான் அங்கே. டேவிட்தான் முதல் ஆள். பின்னால் வெகுதூரம் யாருமில்லை. தொன்னையைத் தொடவில்லை. கால் பின்னுகிறது. அந்த வெயிலிலும் உடம்பில் வேர்வையே இல்லை.

குறுக்கே போய் நின்றேன். "உன் பேரு இன்னாடா?"

என்னைப் பார்த்தான். "ஷிப்டு முடிஞ்சிச்சா சார்?" என்றான்.

விரல் இடுக்கெல்லாம் கிரீஸ். வேலையிலிருந்து நேராக வந்திருக்கிறான்.

டெம்போ டிரைவர் கெஞ்சினார். "இன்னும் கொஞ்ச தூரம்தான் சிஸ்டர். வுட்டுடுங்க, ஜெயிச்சிடுவான்." ஏற்றச் சொன்னேன். நான்தான் சொன்னேன். ஆஸ்பத்திரி வரை ஈரத்துணியை மாற்றிக்கொண்டே இருந்தேன். ஜெபம்கூட வாயில் வரவில்லை.

மார்ச் 12, புதன்
டேவிட் வீட்டுக்கு வந்துவிட்டான். முதலில் வந்த பையனுக்கு பர்மனென்ட் ஆர்டர் கொடுத்தாயிற்று. வதந்தி இல்லை, நிஜம்.

சோறு வைத்தேன். தட்டைத் தள்ளிவிட்டான். "நீ ஒரு அக்காவா? என் சோத்துல மண்ண போட்டுட்டியே!" அம்மாவும் அவன் பக்கம்தான்.

அடுப்படியில் நின்று அழுதேன். அவன் நிறுத்தவில்லை, தெருவே கேட்கும்படி கத்தினான். கேட்டுக்கொண்டே நின்றேன். குரல் நன்றாகத் தேறியிருக்கிறது.